மைனர் சொத்தும் கார்டியன் கடமையும்

(ஒரு கிராம வாசகசாலைக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



என்னை இங்கு அழைத்த தோழர்கள் முதலில் புராணப் புரட்டைப் பற்றித்தான் பேசும்படிக் கேட்டார்கள். நான்தான் அதை மற்றொரு நாளைக்கு வைத்துக் கொள்ளலாம் என்று சொல்லி, மைனர் சொத்தைப் பற்றிப் பேசுவதாய்க் கேட்டு வாங்கிக் கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. புராணத்தை நம்பி மோசம் போனவனை இன்று இல்லாவிட்டால் நாளைக்குப் பேசித் திருத்திக் கொள்ளலாம். ஆனால் 18 வயது முடிந்து மேலும் 3 வருஷம் வாயை மூடிக் கொண்டிருந்துவிட்ட ஒரு பிள்ளையின் நிலத்தை, எப்பேர்ப்பட்ட பிரசங்கியும் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. பட்டுச் சொல்லுகின்றேன்.

நான் வக்கீலல்ல. எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதித்தவனுமல்ல. ஏதோ இதைப் போன்ற ஒரு வாசகசாலையில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, நாலு சட்டப் புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்தவன். ஆகையால் நான் சொல்லுவதை வேதவாக்காக எடுத்துக் கொள்ளாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொண்டு, காரியத்தில் இறங்குவதற்கு முன் ஒரு யோக்கியமான வக்கீலையும் கேட்டுக் கொள்ளுங்கள்.

என் சொந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1991-ல் என் தகப்பனார் இறந்து போனார். எனக்கு அப்போது 11 வயது. என் தங்கைக்கு 5. பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார்கள். அப்பா தாமே பாடுபட்டு வாங்கின 2 ஏக்கர் நஞ்சைதான் எங்கள் ஆஸ்தி. அப்பா போன அன்று ஆரம்பித்தது செலவு. பாடைக்குப் பூவிலிருந்து பதினாறாம் நாள் பந்திவரை பெரியப்பா கடன் வாங்கிச் செய்தார். செத்தவருக்கு மோட்சம் போவதற்கு ஒரு மாடு வேண்டுமாம். அதுவும் தானமாய்ப் போயிற்று. உயிரோடிருந்த எங்களுக்குக் கறவை மாடு கிடையாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு ஜோசியன் வந்து வீட்டுக்குத் தோஷம் இருக்கிறது, சாந்தி கழிக்காவிட்டால் பையனுக்கும் ஆகாது என்றான். பையன் என்பது நான்தான். என் உயிரைக் காப்பாற்றுவதற்காக என் நிலத்தை விற்றார்கள்!

என் தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். "தனக்காகவும் தன் மைனர் மக்கள் இருவருக்குக் கார்டியனாகவும்" என்று பத்திரம் எழுதி, அவர்கள் பெருவிரலை உருட்டி ரிஜிஸ்தர் செய்தாயிற்று. உள்ளூர்க்காரர் ஒருவர் வாங்கிக் கொண்டார். கடன்காரர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் இரண்டே வருஷத்தில் கரைந்துவிட்டது. நான் மில்லுக்கு வேலைக்குப் போனேன்.

பிறகு 2004-ல் ஒரு நாள் வாசகசாலையில் சட்டப் புத்தகம் ஒன்றைப் புரட்டும்போது, மைனருடைய நிலத்தைத் தாயோ தகப்பனோ கோர்ட்டு அனுமதியில்லாமல் விற்றால், அந்தப் பிள்ளை பெரியவனானதும் அதை ரத்து செய்யலாம் என்றிருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதற்குக் கெடு, வயது வந்த நாளிலிருந்து 3 வருஷம் என்றிருந்தது. எனக்கு 18 முடிந்தது 1998. கெடு தீர்ந்தது 2001. நான் படித்ததோ 2004. தோழர்களே! அன்று இரவு நான் தூங்கவில்லை. விடியற்காலம்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. தங்கைக்கு அந்த வருஷம்தானே 18 ஆகிறது? அவளுக்கு 2007 வரையில் நாள் இருக்கிறதே! அந்தக் கதையைப் பின்னால் முடிக்கிறேன். அதற்குமுன் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

மைனர் என்றால் நம் நாட்டில் ஜிப்பாவும் கழுத்துச் சங்கிலியும் போட்டுக் கொண்டு ஊர் சுற்றுகிறவன் என்று அர்த்தமாகிவிட்டது. அது அந்தக் காலத்து ஜமீன் வீட்டுப் பிள்ளைகளால் வந்த பெயர். சட்டத்தில் மைனர் என்றால் 18 வயது நிரம்பாதவர், ஆணானாலும் பெண்ணானாலும். 1875-ம் வருஷத்து மெஜாரிட்டி சட்டம் அப்படிச் சொல்லுகிறது. கோர்ட்டார் கார்டியன் நியமித்திருந்தால் 21 வரையில் மைனர் என்று ஒரு வித்தியாசம் வைத்திருந்தார்கள். 1999-ல் அதை எடுத்துவிட்டார்கள். இந்த 18-ஐ ருசுப்படுத்துவதற்குப் பிறப்பு ரிஜிஸ்தர் வேண்டும். நம்மவர்களில் பலர் பிள்ளை பிறந்தவுடன் ஜோசியனிடம் ஓடி ஜாதகம் கணித்துப் பெட்டியில் பூட்டி வைக்கிறார்களே ஒழிய, பிறப்பைப் பதிவு செய்து சர்ட்டிபிகேட் வாங்குவதில்லை. வயதை ருசுப்படுத்த ஜாதகம் மிகவும் பலவீனமான சாட்சியம் என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. எதிர்காலத்தைச் சொல்லுவதாய்க் கூலி வாங்கின காகிதம், பிறந்த தேதியைக்கூட நம்பும்படியாய்ச் சொல்ல யோக்கியதையற்றதாகிவிட்டது!

மைனருக்குச் சொத்து இருக்கலாமா என்று கேட்டால், தாராளமாய் இருக்கலாம். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் நிலம் வாங்கலாம், தானம் கொடுக்கலாம். தகப்பன் சாகும்போது தாயின் வயிற்றிலிருந்த குழந்தைக்கும், உயிரோடு பிறந்துவிட்டால் பங்கு உண்டு. ஆனால் சொத்தை வைத்திருக்கத்தான் முடியுமே ஒழிய, அதைப் பற்றி ஒப்பந்தம் செய்ய முடியாது. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற ஒரு மைனர் 1895-ல் தன் வீட்டை 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக் கொடுத்தான். கடன் கொடுத்தவருடைய ஏஜெண்டுக்குப் பையன் மைனர் என்று தெரியும். தெரிந்தே எழுதி வாங்கினார்கள். வழக்கு பிரிவி கவுன்சில் வரைக்கும் போயிற்று. மைனர் எழுதின ஒப்பந்தம் அடியோடு செல்லாது, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவு போடவும் முடியாது என்று 1903-ல் தீர்ப்பாயிற்று. இன்று வரைக்கும் அதுதான் சட்டம். மைனருக்குச் சோறு, துணி, படிப்பு, வைத்தியம் போன்ற அவசியத்துக்குக் கொடுத்தவன் மாத்திரம், அவன் சொத்திலிருந்து வசூல் செய்து கொள்ளலாம்.

சரி, அவனால் முடியாதென்றால் அவனுக்காக வேறொருவர் பார்த்துக் கொள்ள வேண்டுமல்லவா? அவர்தான் கார்டியன். இதில்தான் சூழ்ச்சியெல்லாம் இருக்கிறது. நம்மவர்கள் கார்டியன் என்றால் சொந்தக்காரன் என்று நினைக்கிறார்கள். சட்டமோ அப்படி நினைக்கவில்லை. 1856-லேயே அனுமான் பிரசாத் பாண்டே வழக்கில் பிரிவி கவுன்சிலார், குழந்தையின் சொத்தைப் பார்த்து வருகிறவருடைய அதிகாரம் குறுகியது, குழந்தையின் அவசியத்துக்கோ நன்மைக்கோ மாத்திரம்தான் சொத்தைக் கடனுக்கு உட்படுத்தலாம், கடன் கொடுப்பவனும் அதை விசாரித்துத் தெரிந்து கொள்ள வேண்டும் என்று சொன்னார்கள். நூறு வருஷம் இது இப்படியே நடந்தது. ஆனால் அவசியம் இருந்ததா இல்லையா என்பதை விற்று முடிந்து 20 வருஷம் கழித்துச் சாட்சி வைத்து நிரூபிக்கிறதென்றால், பொய்ச் சாட்சிக்காரனுக்குத்தான் லாபம். ஆகவே 1956-ல் வந்த இந்து மைனர் கார்டியன் சட்டத்தில் அதை மாற்றி, முன்கூட்டியே கோர்ட்டு அனுமதி வாங்கு என்று வைத்துவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தின் 8-வது பிரிவை எல்லோரும் நெட்டுருப் போட வேண்டும். தகப்பனாகவே இருக்கட்டும், பெற்ற தாயாகவே இருக்கட்டும், கோர்ட்டு முன் அனுமதியில்லாமல் மைனருடைய ஸ்தாவர சொத்தை விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, தானம் கொடுக்கக் கூடாது, பரிவர்த்தனை செய்யக் கூடாது. 5 வருஷத்துக்கு மேலும், பிள்ளைக்கு வயது வந்து ஒரு வருஷத்துக்கு மேலும் செல்லும்படியாகக் குத்தகைக்கு விடக் கூடாது. கோர்ட்டாரும் அவசியமோ, பிள்ளைக்குத் தெளிவான நன்மையோ இருந்தாலொழிய அனுமதி கொடுக்கக் கூடாது. மீறி விற்றால் பிள்ளை ரத்து செய்து கொள்ளலாம். இதில் 'விற்ற பணத்தைப் பிள்ளைக்குத்தான் செலவு செய்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. அனுமதி வாங்கினாயா என்பதுதான் கேள்வி.

இது தாய் தகப்பன் விஷயம். அண்ணன், பெரியப்பா, தாய்மாமன், தாத்தா முதலிய 'நான்தான் பார்த்துக் கொள்கிறேன்' என்று தாமாகவே வந்து உட்காருகிறவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு மைனர் சொத்தைத் தொடவே அதிகாரமில்லை என்று 11-வது பிரிவு கூறுகிறது. சொந்தக்காரன் என்பதால் மாத்திரம் யாரும் கார்டியன் ஆகிவிட மாட்டான். கோர்ட்டு நியமிக்க வேண்டும், அல்லது உயில் நியமிக்க வேண்டும்.

தாய்மார்களே! இனி உங்களைப் பற்றியது. இந்தச் சட்டம், பிள்ளைக்குத் தகப்பன் கார்டியன், 'அவருக்குப் பிறகு' தாய் என்கிறது. பத்து மாதம் சுமந்து பெற்றவள் இரண்டாவது. முறையான கல்யாணத்தில் பிறக்காத பிள்ளைக்கு மாத்திரம் தாய் முதலாவது! அதாவது தகப்பன் ஒப்புக் கொள்ளாத பிள்ளை என்றால் தாயின் பொறுப்பு. சொத்துள்ள பிள்ளை என்றால் தகப்பனுடைய பாத்தியதை. இது என்ன நியாயம் என்று கேட்பதற்கு ஒரு அம்மாள் முன்வந்தார். கீதா ஹரிஹரன் என்ற எழுத்தாளர். 1984-ல் தம் மகன் பேரில் 20,000 ரூபாய்க்கு ரிசர்வ் பாங்கிப் பத்திரம் வாங்கத் தாமே கார்டியனாகக் கையெழுத்துப் போட்டனுப்பினார். புருஷனும் அதற்குச் சம்மதித்துத்தான் இருந்தார். அப்படியும் தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று மனுவைத் திருப்பியனுப்பி விட்டார்கள். அந்த அம்மாள் விடவில்லை. 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு, 'அவருக்குப் பிறகு' என்றால் அவர் செத்த பிறகு என்று அர்த்தமல்ல. அவர் பிள்ளையைக் கவனிக்காவிட்டாலும், அவரால் முடியாவிட்டாலும், இருவரும் கலந்து தாயிடம் விட்டாலும், அப்போதெல்லாம் தாயே கார்டியன் என்று அர்த்தம் செய்து கொடுத்தது. நல்லதுதான். ஆனால் சட்டத்தை அடித்தெழுதவில்லை, அர்த்தத்தைத்தான் இழுத்து நீட்டினார்கள். 'தகப்பனுக்குப் பிறகு' என்ற எழுத்து அப்படியே இருக்கிறது. 1929-ல் செங்கல்பட்டு மாநாட்டில் பெண்களுக்குச் சமமான சொத்துரிமையும் வாரிசு பாத்தியதையும் வேண்டும் என்று நாம் தீர்மானம் செய்தோம். சொத்தில் பங்கு என்பது, தமிழ்நாட்டில் 1989-லும் இந்தியா முழுதும் 2005-லும், பிதிரார்ஜிதத்தில்கூட ஒருவாறு கிடைத்துவிட்டது. பெற்ற பிள்ளையின் மீது சமமான பாத்தியதை, எழுத்தில், இன்னும் பாக்கி.

இந்து சட்டம்தான் இப்படி என்று முஸ்லிம் தோழர்கள் மகிழ்ச்சியடைய வேண்டாம். அங்கே தகப்பன், அவன் உயிலில் குறித்தவன், அப்புறம் தகப்பனைப் பெற்ற தாத்தா, அவர் உயிலில் குறித்தவன் என்று வரிசை போகிறதே ஒழிய, சொத்து விஷயத்தில் தாய் அந்த வரிசையிலேயே இல்லை. 1918-ல் இமாம்பந்தி வழக்கில் தாய் விற்றது செல்லாது என்று பிரிவி கவுன்சில் தீர்த்தது. கடவுள்கள் தங்களுக்குள் எவ்வளவு சண்டை போட்டாலும் தாயைப் பின்னால் தள்ளும் காரியத்தில் ஒற்றுமையாய் இருக்கிறார்கள். எந்த மதத்துத் தாயானாலும் 1890-ம் வருஷத்துக் கார்டியன் சட்டப்படி ஜில்லாக் கோர்ட்டில் மனுப் போட்டுத் தன்னைக் கார்டியனாக நியமிக்கும்படிக் கேட்கலாம். அங்கே பிள்ளையின் நன்மைதான் பிரதானம்.

இதே 1956-ம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உலகத்தை அடியோடு துறந்து வானப்பிரஸ்தனோ சந்நியாசியோ ஆகிவிட்டவன் தன் பிள்ளைக்குக் கார்டியனாக இருக்க முடியாது. பெண்டு பிள்ளையைத் தெருவில் விட்டுவிட்டுக் காவி கட்டினவனை ஊர் சாமி என்று விழுந்து கும்பிடுகிறது. சட்டம் அவனை நம்பிப் பிள்ளையின் கால் காணி நிலத்தைக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. ஆனால் அதே துறவி ஒரு மடத்துக்குத் தலைவனானால் ஆயிரக்கணக்கான ஏக்கரை ஆளலாம்! மதம் மாறினவனும் கார்டியனாக முடியாது என்று கூடவே சேர்த்திருக்கிறார்கள். அது அநியாயம். மதம் மாறினால் பிள்ளை மேலுள்ள அன்பும் மாறிப் போகுமா?

பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அது கூட்டுக் குடும்பச் சொத்து. பிரிவினையாகாத பிதிரார்ஜித சொத்தில் மைனருக்குள்ள பங்கைக் குடும்பத் தலைவன் விற்றால், அவனுக்கு 8-வது பிரிவின் அனுமதி தேவையில்லை என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அங்கே பழைய 'குடும்ப அவசியம்' என்ற வாதம்தான். அந்த அவசியத்தில் என்னென்ன அடங்கும் தெரியுமா? கல்யாணம், கருமாதி எல்லாம் அடங்கும். ஆகவே உங்கள் வீட்டில் தகப்பன் இல்லாத பிள்ளையின் பங்கு பெரியப்பன் சித்தப்பன் கையில் கூட்டாகக் கிடக்குமானால், நல்லவர்களாய் இருக்கும்போதே பாகம் பிரித்துப் பட்டாவை மைனர் பேரில் மாற்றிக் கொள்ளுங்கள். சண்டை வந்த பிறகு பிரிப்பதைவிட இது மரியாதை. சிறிசுகளின் பங்கு வீணாகிறதென்றால், மைனருக்காகத் தாய் பாகத்துக்கு வழக்கும் போடலாம்.

இனி, முன் யோசனையுள்ள தகப்பனுக்கும் தாய்க்கும் சொல்லுகிறேன். நாம் சாகமாட்டோம் என்ற நம்பிக்கையில் நம்மவர்கள் உயில் எழுதுவதில்லை. உயில் என்றால் அபசகுனமாம்! உயில் எழுதினவன்தான் சாகிறான் என்றால் எழுதாதவர்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள்? உயிலில் பிள்ளைக்குக் கார்டியன் குறிக்கலாம். ஆனால் தகப்பன் குறித்தாலும் தாய் உயிரோடிருக்கும் வரை தாய்தான்; தாயும் ஒருவரையும் குறிக்காமல் இறந்தால்தான் தகப்பன் குறித்தவருக்கு அதிகாரம் வரும். அதைவிட உறுதியானது டிரஸ்டு. 1882-ம் வருஷத்து டிரஸ்டு சட்டப்படி, நிலமாக இருந்தால் எழுத்து மூலம் கையெழுத்திட்டு ரிஜிஸ்தர் செய்த பத்திரத்தாலோ அல்லது உயிலாலோ, இன்னார் கையில் இதை ஒப்படைக்கிறேன், இன்ன பிள்ளைக்காக வைத்திருக்க வேண்டும் என்று எழுதி வைக்கலாம். பேரளவில் சொத்து டிரஸ்டியுடையது; பலன் பிள்ளையுடையது.

டிரஸ்டியின் கையைச் சட்டம் எப்படிக் கட்டியிருக்கிறது பாருங்கள். ஏற்றுக் கொண்ட பிறகு பாதியில் உதறிவிட்டுப் போகக் கூடாது. ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொத்தை எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்க்க வேண்டும். கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். அந்தச் சொத்தைக் கொண்டு தான் ஒரு காசு லாபம் சம்பாதிக்கக் கூடாது. பத்திரத்தில் எழுதியிருந்தாலொழிய கூலிகூடக் கிடையாது. விற்கும்படி நேர்ந்தால் தானோ தன் பினாமியோ வாங்கக் கூடாது. இரண்டு டிரஸ்டிகள் இருந்தால் அந்தப் பணத்தைத் தங்களில் ஒருவருக்குக் கடன் கொடுத்துக் கொள்ளக் கூடாது. நஷ்டம் வந்தால் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். பிள்ளையின் பராமரிப்புக்கும், படிப்புக்கும், வாழ்க்கையில் முன்னேறுவதற்கும் வருமானத்தைச் செலவிடலாம் என்று 41-வது பிரிவில் சொல்லி, அதோடு நியாயமான மத வழிபாடு, கல்யாணம், சவ அடக்கச் செலவு என்றும் சேர்த்திருக்கிறார்கள். ஆகையால் பத்திரம் எழுதும்போதே, படிப்புக்கும் வைத்தியத்துக்கும் மாத்திரம், திவசத்துக்கும் திருவிழாவுக்கும் இல்லை என்று தெளிவாக எழுதி விடுங்கள். எழுதினவர் சொன்னபடி நடப்பதுதான் டிரஸ்டியின் முதல் கடமை.

கோர்ட்டு நியமித்த கார்டியனுக்கும் ஏறக்குறைய இதே கட்டுப்பாடுகள்தான். கோர்ட்டு கேட்டால் அவன் ஜாமீன் கட்ட வேண்டும், 6 மாதத்துக்குள் சொத்து ஜாபிதா கொடுக்க வேண்டும், கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் விலக்கிவிடலாம்.

இவ்வளவு இருந்தும், பிள்ளையை வளர்க்காமல் சொத்தை மாத்திரம் வளர்த்தால் என்னாகும் என்பதற்கு ராமநாதபுரம் ஜமீனைப் பாருங்கள். 1873-ல் ஜமீன்தார் இறந்தபோது மகன் பாஸ்கர சேதுபதி நாலைந்து வயதுக் குழந்தை. ஜமீன் கோர்ட் ஆப் வார்ட்ஸ் வசமாயிற்று. 16 வருஷம் சர்க்கார் அதிகாரிகள் கட்டிக் காத்து 1889-ல் ஒப்படைத்தார்கள். கோயில், தானம், தர்மம் என்று வாரி இறைத்து, சில வருஷங்களுக்குள்ளேயே ஜமீன் பெருங் கடனில் மூழ்கிவிட்டது. சட்டம் 18-ஐயோ 21-ஐயோதான் எண்ணும். சாமிக்குக் கொடுத்தால் புண்ணியம் என்ற எண்ணம் மண்டையிலிருந்து போவதற்கு வயதுக் கணக்கு உதவாது.

சாமி என்றவுடன் ஞாபகம் வருகிறது. நம் நாட்டுக் கோர்ட்டுகளில் கோயில் விக்கிரகத்துக்கும் மைனர் அந்தஸ்துதான்! சொத்து அதன் பேரில் இருக்கும், ஆனால் பேசாது, கையெழுத்துப் போடாது. ஆகவே ஒருவர் கூட நின்று நடத்த வேண்டும். 1925-ல் ஒரு விக்கிரகத்தை வீட்டுக்கு வீடு மாற்றுவது பற்றிய கல்கத்தா வழக்கில், சம்பந்தமில்லாத ஒரு நபரை வைத்து விக்கிரகத்தின் தரப்பையும் கேட்க வேண்டும் என்று பிரிவி கவுன்சிலார் சொன்னார்கள். உலகத்தைக் காப்பதாகச் சொல்லப்படுகிறவருக்குத் தன் நஞ்சையைக் காத்துக் கொள்ள ஒரு கார்டியன் தேவைப்படுகிறது. இதை நான் சொன்னால் நாஸ்திகன் என்பீர்கள். சொன்னவர்கள் ஐகோர்ட்டு ஜட்ஜுகள். ஒன்று மாத்திரம் வித்தியாசம். மனிதக் குழந்தைக்கு என்றாவது 18 ஆகும், அன்று கணக்குக் கேட்கும்.

கணக்குக் கேட்பது என்று சொன்னேனே, அந்தக் கெடுவை மறுபடியும் சொல்லுகிறேன். கார்டியன் விற்றதை ரத்து செய்ய, 18 முடிந்ததிலிருந்து 3 வருஷம். அதாவது 21-வது பிறந்த நாளுக்கு முன் வழக்குப் போட்டாக வேண்டும். எழுத்து மூலம் டிரஸ்டியிடம் ஒப்படைத்த சொத்தை அவன் கையிலிருந்தே மீட்பதற்கு மாத்திரம் காலக் கெடுவே கிடையாது. டிரஸ்டு எழுதுவதால் இது ஒரு பெரிய பாதுகாப்பு.

விலைக்கு வாங்குகிற தோழர்களும் இங்கே இருப்பீர்கள். பத்திரத்தில் 'மைனர்' என்ற சொல்லைக் கண்டால் கோர்ட்டு உத்தரவு எங்கே என்று முதலில் கேளுங்கள். மலிவாய்க் கிடைக்கிறதென்று வாங்கினால், வீடு கட்டிக் குடியிருக்கும்போது ஒரு 20 வயதுப் பிள்ளை வந்து வாசலில் நிற்கும். அனுமதி வாங்கி விற்றால் என்ன நடக்கிறது? பெரும்பாலும் மைனர் பங்குப் பணத்தைப் பிள்ளை பேரில் பாங்கியில் போடச் சொல்லி, வட்டியை மாத்திரம் தாய் வாங்கிக் கொள்ளும்படி உத்தரவாகும். பஸ்ஸிலோ லாரியிலோ அடிபட்டுச் செத்தவர்களின் பிள்ளைகளுக்கு நஷ்டஈடு வரும்போதும் இப்படித்தான். என் தாயாருக்கு 1991-ல் யாராவது இதைச் சொல்லியிருந்தால், பெரியப்பாவும் ஜோசியனும் அந்தப் பணத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது.

கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் தின்றுவிடுவானே என்பீர்கள். 1987-ம் வருஷத்து இலவசச் சட்ட உதவிச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே சர்க்கார் செலவில் வக்கீல் கிடைக்கும். தாலுகாக் கோர்ட்டிலேயே அதற்குக் கமிட்டி இருக்கிறது. இது எத்தனை விதவைகளுக்குத் தெரியும்?

தங்கை கதையைச் சொல்லி முடிக்கிறேன். 2005-ல் வழக்குப் போட்டோம். வாங்கினவர் கெட்டவரல்ல, முழு விலை கொடுத்தவர்தான். அவர் வக்கீல் இரண்டு வாதம் சொன்னார். ஒன்று, பணம் குடும்பத்துக்கே செலவாயிற்று என்பது. அனுமதியில்லாத விற்பனைக்கு அது பதிலல்ல என்றாயிற்று. மற்றொன்று கெட்டிக்காரத்தனமானது. அண்ணன் 1998-லேயே மேஜராகிவிட்டான். குடும்பத்துக்குப் பெரியவன் அவனே. அவன் 3 வருஷம் சும்மா இருந்ததால் தங்கைக்கும் சேர்த்துக் காலாவதியாகிவிட்டது என்றார். கூட்டுக் குடும்பச் சொத்தாயிருந்து நான் அதை நிர்வகித்து வந்திருந்தால் அந்த வாதம் நின்றிருக்கும். என் மௌனம் அவளையும் கொன்றிருக்கும். ஆனால் அது அப்பாவின் சொந்த சம்பாத்தியம். தாய், நான், அவள் மூவருக்கும் மூன்றிலொன்று தனித்தனியே இறங்கினது. ஆகவே அவள் கெடு அவளுக்கு. கடைசியில் தாய் பங்கு விற்றது விற்றதுதான், என் பங்கு தூங்கினவன் பங்கு, தங்கையின் 66 சென்ட் மாத்திரம் பாகமாகித் திரும்பி வந்தது. என் தாயார் அந்த வரப்பில் நின்று அழுதார்கள். சந்தோஷமா துக்கமா என்று நான் கேட்கவில்லை.

தலைவர் ஒரு சீட்டை நீட்டுகிறார். "என் மகன் இறந்து 4 வருஷமாகிறது. மருமகள் வேறு கல்யாணம் செய்து கொண்டாள். பேரன் பங்கு என் கையில் இருக்கிறது. நான் விற்றுப் பாங்கியில் போடலாமா?" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா! நீங்கள் விற்க முடியாது. தாத்தா இயற்கைக் கார்டியன் அல்ல. உங்கள் எண்ணம் நல்லதாயினும் அந்தப் பத்திரம் செல்லாது. மருமகள் மறுமணம் செய்து கொண்டதால் அந்தப் பிள்ளைக்குத் தாய் இல்லாமல் போய்விடவில்லை. கார்டியன் இன்னமும் அந்த அம்மாள்தான். அவர்களைப் பகைக்காமல் அழைத்துப் பேசி, இருவருமாக ஜில்லாக் கோர்ட்டில் மனுப் போடுங்கள். பேரனுடைய பிறப்புச் சர்ட்டிபிகேட், மகனுடைய இறப்புச் சர்ட்டிபிகேட், வாரிசுச் சர்ட்டிபிகேட், பட்டா, வில்லங்கச் சர்ட்டிபிகேட் ஆகியவற்றை எடுத்துக் கொண்டு நாளைக் காலை 8 மணிக்கு இந்த வாசகசாலைக்கு வாருங்கள். நான் பஸ் ஏறுவதற்கு முன் மனுவின் விவரத்தைக் குறித்துத் தருகிறேன். ஜாதகம் வேண்டாம்.